உங்களை எப்படி அழைக்க வேண்டும்?

2023ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி அதிகாலையில் எங்களுக்கு ஒரு மணி என்பது இரண்டு முறை வந்தது. இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று, கடிகாரம் இரண்டைத் தொடும்போது அதை மீண்டும் ஒன்றுக்குத் திருப்பிவிடுகிறார்கள். உறங்குகிறவர்களுக்கு ஒரு மணி நேர உறக்கம் மிச்சம். இரவுப் பணியில் நிற்கிறவர்களுக்கு ஒரு மணி நேர உழைப்பு அதிகம். எங்களில் ஒருவர் அன்றிரவு லெஸ்டர் நகருக்கு வெளியே ஒரு பெருங்கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். முடிந்துபோன மணியை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னபோது அவருக்குக் காலம் பற்றிய தத்துவம் எதுவும் தோன்றவில்லை. கூலி உண்டா என்றுதான் கேட்கத் தோன்றியது. உண்டு என்றார்கள். அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10 பவுண்டு 42 பென்ஸ்.

‘நாங்கள்’ என்று எழுதுவதற்கு ஒரு விளக்கம் தேவை. எழுதுகிற கை ஒன்றுதான். ஆனால் அன்றிலிருந்து நவம்பர் 30 வரையில் நடந்த எதையும் ஒருவருக்கு மட்டும் நடந்ததாகப் பிரித்துச் சொல்ல இயலவில்லை. எங்களில் ஒருவர் தமிழ் முதுகலை படித்துத் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் 15 ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தவர். மற்றவர் 17 ஆண்டுகள் மருத்துவமனைச் செவிலியராக இருந்தவர். மூன்றாமவர் 10 வயது மகள். கடல் கடந்து செல்லும் பயணம் பெண்ணோடு கூடியதன்று என்று தொல்காப்பியம் வரையறுத்திருப்பதை எங்களில் தமிழ் படித்தவர் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியிருக்கிறார். எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறு. வேலையும் விசாவும் பெண்ணுக்கு. ஆண் அவரைச் சார்ந்து வந்தவர். பொருள்வயின் பிரிவு என்னும் துறையைப் பிரிவே இல்லாமல் பாடப்போகிறோம் என்று அந்த ஜூலை மாதம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டோம். அப்போது எங்களிடம் ஆறு மாத ஊதியமில்லா விடுப்பு கையில் இருந்தது. கையில் விடுப்பு இருக்கும்வரை எதையும் சிரித்துக்கொண்டே செய்யலாம்.

அக்டோபர் முடியும் தறுவாயில் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. டிசம்பரோடு விடுப்பு முடிகிறது. ஜனவரியில் பணியில் சேர்வீர்களா, இல்லையா என்பதை நவம்பர் 30க்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். இரண்டே வரி. அந்த மாதம் முழுவதும் நாங்கள் எங்கே போனாலும் அந்த இரண்டு வரியும் கூட வந்தது.

*

தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. கடவுச்சீட்டு அதை ஒப்புக்கொள்வதில்லை. குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் தந்தையின் பெயரைத்தான் எழுதியிருந்தோம். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் அடையாள அட்டையில் அந்தப் பெயரையே பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதன் நீளத்தைப் பார்த்த மேற்பார்வையாளர் முதல் அசையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆக, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை, இறந்து 11 ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு பனையேறியின் பெயரை ஓர் ஆங்கிலேய இளைஞர் கிடங்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கூவிக்கொண்டிருந்தார்.

அப்பா தேரிக்காட்டுப் பக்கம் பனை ஏறியவர். பருவகாலத்தில் காலையில் நாற்பது பனை, மாலையில் அதே நாற்பது பனை. இடுப்பில் பாளை அரிவாளும் கலயமும், காலில் தளைநாரும், மார்பிலும் முன்கையிலும் மரத்தில் உராய்ந்து உராய்ந்து ஏறிய காய்ப்புமாகத்தான் அவரை நினைவிருக்கிறது. மகனைப் படிக்கவைத்தது அந்தக் காய்ப்பு தன்னோடு முடியட்டும் என்றுதான். கல்லூரியில் வேலை கிடைத்த அன்று மகனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தொழுவத்துப் பக்கம் போய்விட்டார்.

கிடங்கில் வேலை இதுதான். கையில் ஒரு ஸ்கேனர் கொடுப்பார்கள். எந்த வரிசையில் எந்தத் தட்டில் எந்தப் பொருள் என்று அது சொல்லும். போய் எடுத்து, கோட்டுக் குறியைக் காட்டி, பெட்டியில் போட வேண்டும். போட்டவுடன் அடுத்தது. மணிக்கு எத்தனை பொருள் எடுத்தோம் என்பதையும் அதுவே கணக்கு வைக்கும். சில வாரங்களில் வலது கட்டைவிரலின் அடியில் தோல் தடித்துவிட்டது. எங்களில் செவிலியர் அதை விளக்கருகில் பிடித்துப் பார்த்து, “களிம்பு தடவுங்க” என்றார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஊரிலிருந்த அம்மாவுக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், “அங்கயும் வாத்தியார் வேலதான?” என்று கேட்பார். ஆமாம் என்போம். இருவரும் சேர்ந்து சொன்ன பொய் அது.

*

எவிங்டன் சாலையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டாருடையவை. ஆகவே அவர்கள் அறையைச் சூடாக்கினால் நமக்கும் கொஞ்சம் இதம் வந்து சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. எரிவாயுவும் மின்சாரமும் அன்றன்று எத்தனை பவுண்டு ஆனது என்று காட்டும் சிறு பெட்டி ஒன்று சமையலறை மேடையில் இருந்தது. இட்லி ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். துவைத்த துணி வெளியே காயாது. உள்ளே காயப்போட்டால் சுவர் மூலையில் கருப்பாகப் பூஞ்சணம் பூக்கும். குப்பைக்குக் கருப்புத் தொட்டி, மறுசுழற்சிக்கு ஆரஞ்சு நிறப் பை. எந்தப் பொருள் எதில் போகும் என்பதில் மகள் சொன்னதே சட்டம்.

நவம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இரவுப் பணி முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவரும், பகல் பணிக்கு விடியுமுன் கிளம்புகிறவரும் வாசற்படியில் சந்தித்துக்கொள்வோம். சாவி, மகளின் மதிய உணவு டப்பா, ‘பாலுக்குப் பணம் வைத்திருக்கிறது’ என்கிற செய்தி, எல்லாம் அந்தப் படியிலேயே கைமாறும். பகலில் வெயில் வந்தால் ஒருவர் உறங்கிக்கொண்டிருப்பார். மற்றவர் வார்டில் இருப்பார். அந்த மாதத்தில் இருவரும் சேர்ந்து சூரியனைப் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம்.

*

வெளிநாட்டில் படித்த செவிலியர் இங்கே வந்தவுடன் செவிலியர் ஆகிவிட முடியாது. ஆஸ்கி என்று சுருக்கமாக அழைக்கப்படும் செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். பத்து நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பணி. எதிரே குறிப்பெடுக்கும் தேர்வாளர். தேறினால் பதிவு எண் கிடைக்கும்; அதன் பிறகே பதிவுபெற்ற செவிலியருக்கான ஐந்தாம் படி ஊதியம். அந்த ஆண்டுக் கணக்கில் ஆண்டுக்கு 28,407 பவுண்டில் தொடங்குவது. அதுவரை அதற்குக் கீழ்ப்படி ஊதியம், வேறு நிறச் சீருடை. ஊரில் இருபது படுக்கை கொண்ட வார்டைத் தனியாகப் பார்த்தவர், இங்கே ஒரு மாத்திரையைத் தாமாகக் கொடுக்க இயலாமல் இருந்தார்.

அக்டோபர் நடுவில் எழுதிய முதல் தேர்வில் ஒன்பது நிலையங்களில் தேறி, ஒன்றில் தவறினார். மருந்து கொடுக்கும் நிலையம். நோயாளிக்கு எந்த மருந்தாவது ஒவ்வாதா என்பதைத் தாளில் பார்த்துவிட்டார், வாய்விட்டுச் சொல்லவில்லை. மனத்துக்குள் பார்த்தது கணக்கில் வராது. “பதினேழு வருசம் ஒருத்தருக்கும் மருந்து மாத்திக் கொடுத்ததில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்தார். மொத்தம் மூன்று வாய்ப்புகள். ஒன்று போய்விட்டது. மூன்றும் போனால் விசா உட்பட எல்லாமே கேள்விக்குறிதான்.

மறுதேர்வுக்கான பயிற்சி வீட்டிலேயே நடந்தது. படுக்கையில் தமிழாசிரியர் நோயாளி. மகள் தேர்வாளர், கையில் அச்சிட்ட பட்டியலும் பென்சிலும். கை கழுவுவதுபோல் நடிக்க வேண்டும். பெயரைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு நோயாளியிடம் ஒரு கேள்வி: உங்களை எப்படி அழைக்க வேண்டும்? முழுப்பெயர் தாளில் இருந்தாலும், எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டாக வேண்டுமாம்.

முதல் நாள் பயிற்சியில் நோயாளிக்குப் பதில் சட்டென்று வரவில்லை. ஒரு வாரமாக இரவெல்லாம் கேட்ட பெயரே வாயில் வந்தது. தேர்வாளர் பென்சிலை நிறுத்தி, “அது தாத்தா பேருப்பா! நோயாளி ஃபெயில்” என்றார். மூவரும் சிரித்தோம். அந்த இரவு கிடங்குக்குப் போகும் பேருந்தில் சிரிப்பு வரவில்லை. 15 ஆண்டுகளாக ‘ஐயா’ என்றும் ‘சார்’ என்றும் அழைக்கப்பட்டவருக்கு, அவை தம் பெயரல்ல, நாற்காலியின் பெயர் என்பது அந்தப் பேருந்தில்தான் புரியத் தொடங்கியது.

*

நவம்பர் 5 மாலை வானமெங்கும் வெடி. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்று பிடிபட்ட கை ஃபாக்ஸை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள். பொம்மை செய்து தீயிலிடும் வழக்கமும் உண்டு. “இவங்களுக்கும் ஒரு நரகாசுரன் இருக்கானா?” என்று மகள் கேட்டாள். ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டான் என்றோம்.

எங்கள் நரகாசுரன் 12ஆம் தேதி ஞாயிறன்று வந்தான். அதே ஞாயிறு இங்கே போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளாகவும் அமைந்துவிட்டது. விடியுமுன் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தோம். குளியல் தொட்டி வழுக்கியதில் பண்டிகை மருத்துவமனையில் முடியாமல் தப்பியது. புத்தாடைக்கு மேல் குளிரங்கி. மகளின் குளிரங்கியில் பள்ளியில் வாங்கிய காகிதப் பாப்பிப் பூ. அந்தக் கோலத்தில் பதினொரு மணிக்கு விக்டோரியா பூங்காவில் போய் நின்றோம். அங்கிருக்கும் நினைவு வளைவு 1925இல் திறக்கப்பட்டது. கட்டியவர் எட்வின் லட்யன்ஸ். டில்லியில் இந்தியா கேட்டை வடிவமைத்தவரும் அவரே. முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இரண்டு நிமிட மௌனத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. எங்கள் தலையில் நல்லெண்ணெய் வாசம் அடித்துக்கொண்டிருந்தது. அருகில் நின்ற பதக்கம் அணிந்த முதியவர், கூட்டம் கலையும்போது எங்களைப் பார்த்து, “ஹாப்பி தீவாளி” என்றார். அவருக்கு என்ன வாழ்த்துச் சொல்வது என்று தெரியாமல் கைகூப்பினோம்.

மாலையில் பெல்கிரேவ் சாலை. குஜராத்தி நகைக்கடைகளும் இனிப்புக் கடைகளும் நிறைந்த அந்தத் தெருவில் தலைக்கு மேல் விளக்குத் தோரணம். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை 90 நாட்களுக்குள் வெளியேறச் சொன்னபோது, லெஸ்டருக்கு வராதீர்கள், இங்கே இடமில்லை என்று இந்நகரின் மாநகராட்சி ‘உகாண்டா ஆர்கஸ்’ நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. அவர்கள் வந்தார்கள். கடைகளையும் தொழிற்கூடங்களையும் விட்டு வந்த பலர் இங்கே ஆலைத் தொழிலாளிகளாகத்தான் தொடங்கினார்கள். ஜிலேபிக் கடையில் வரிசையில் நின்றபோது, கல்லாவில் இருந்த மூதாட்டியின் கையைத்தான் எங்களில் தமிழாசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மறுதேர்வு நவம்பர் 16, வியாழக்கிழமை, ஆக்ஸ்போர்டில். தேர்வு மையம் அங்கே கிடைத்தது தற்செயல்தான். மகளை இரண்டு வீடு தள்ளியிருந்த யாழ்ப்பாணத்து அக்காவிடம் விட்டுச் சென்றோம். “நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தம்பி, பிள்ளை இஞ்ச நிக்கட்டும்” என்றவர், கதவைச் சாத்துமுன், “சனிக்கிழமை எங்கட தமிழ்ப் பள்ளிக்கு ஒரு ஆள் காணாது. நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ” என்றும் சேர்த்துச் சொன்னார். ஒன்றுக்கு யோசிக்க வேண்டாம், இன்னொன்றுக்கு யோசிக்க வேண்டும்.

ஒரே நிலையம் என்பதால் தேர்வு சீக்கிரம் முடிந்தது. வெளியே வந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “சொல்ல வேண்டியதெல்லாம் சத்தமாச் சொன்னேன். பக்கத்து ரூமுக்கும் கேட்டிருக்கும்” என்றார். ரயிலுக்கு நேரமிருந்தது. வால்டன் தெருவை ஒட்டிய புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஜி.யு. போப் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு போப் தூரத்து மனிதர் அல்லர். 1840களில் அவர் பள்ளி நடத்திய சாயர்புரம் எங்கள் ஊரிலிருந்து பேருந்து போகும் தூரம்தான். 1886இல் திருக்குறள், 1893இல் நாலடியார், 1900இல் திருவாசகம் என்று அவர் ஆங்கிலத்தில் தந்தவற்றை எங்களில் ஒருவர் ஆண்டுதோறும் பாடம் சொல்லியிருக்கிறார். பாடத்தின் முடிவில், தம் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று பொறிக்கச் சொன்னார் போப் என்பதைச் சொல்லிச் சற்று நிறுத்துவார். வகுப்பு அமைதியாகிவிடும். மணி அடிக்கும். 15 ஆண்டுகளாகப் பிசகாமல் பலித்த உத்தி அது.

ஈரப் புல்லுக்கிடையில் தேடிக் கண்டுபிடித்தோம். கல்லில் பெயர் இருந்தது. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் சமயகுரு என்ற செய்தி இருந்தது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நிறுவிய கல் என்ற குறிப்பும் இருந்தது. மாணவன் என்ற சொல் இல்லை. சுற்றி வந்து பார்த்தோம். இல்லை.

“பதினஞ்சு வருசமா நேரில பாக்காமலேயே பாடம் நடத்தியிருக்கீங்க. எங்க தேர்வுல இதுக்கு ஃபெயில்தான்” என்றார் செவிலியர். மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. மேலும் சற்று நேரம் நின்றோம். பிறகு அவரே, “அவங்களாவது தமிழ் நண்பர்கள்னு போட்டிருக்காங்களே. அது மாணவன்ங்கிறதவிடக் கொறச்சலா?” என்று கேட்டார்.

அதே தோட்டத்தில்தான் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜோவெட்டும் உறங்குகிறார். திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் போப் அவரை நினைவுகூர்கிறார். இந்த வயதில் இவ்வளவு பெரிய வேலையை முடிக்க முடியுமா என்று போப் தயங்கியபோது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நெடுநாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்றாராம் ஜோவெட். சொன்னவர் 1893இல் போய்விட்டார். கேட்டவர் 1900இல், தம் எண்பதாவது பிறந்த நாளில் அந்த முன்னுரைக்குக் கையொப்பமிட்டார். தம் முதல் தமிழ்ப் பாடம் 1837இல் என்றும் அதில் குறித்திருக்கிறார். முதல் பாடத்தின் ஆண்டை அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து எழுதிவைக்கிற மனிதருக்குக் கல்லில் அந்தச் சொல் தேவைப்பட்டிருக்காது என்று ரயிலில் பேசிக்கொண்டு வந்தோம். இதை நாங்கள் சமாதானத்துக்காகச் சொல்லிக்கொண்டோமோ என்னவோ. ஆனால் அன்று இரவு, கிடங்குக்குப் போகுமுன், யாழ்ப்பாணத்து அக்காவிடம் சனிக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டோம்.

*

நவம்பர் 21ஆம் தேதி தேர்வு முடிவு வந்தது. தேர்ச்சி. வார்டில் கைபேசி பார்க்கக் கூடாதென்பதால், மதிய இடைவேளையில் கழிவறைக்குள் நின்று பார்த்ததாகவும் அங்கேயே அழுததாகவும் சொன்னார். பதிவு எண் வந்துவிட்டால் இரவுப் பணியும் வரும் என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். இருவரும் இரவில் வெளியே இருக்க முடியாது. மகளோடு ஒருவர் இருந்தாக வேண்டும். ஆகவே கிடங்கு வேலையை விட்டாக வேண்டும். அக்கம்பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழுக்கு முன்பே விண்ணப்பித்திருந்தோம். அதுவும் அந்த வாரம் வந்தது.

கிடங்கில் கடைசி இரவு நவம்பர் 23. மறுநாள் கறுப்பு வெள்ளி என்னும் தள்ளுபடித் திருநாள். ஸ்கேனர் மூச்சு விடவில்லை. அந்த நேரத்தில் யாராவது வேலையை விடுவார்களா என்று மேற்பார்வையாளர் திகைத்தார். அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, இத்தனை நாள் அழைத்தது தந்தையின் பெயர் என்று சொன்னோம். அவர் அட்டையை உற்றுப் பார்த்தார். முன்பே சொல்லியிருக்கலாமே, உங்கள் பெயரால் அழைத்திருப்பேனே என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் முழுப்பெயரையும் ஒரு முறை, அசை அசையாக, கூடியவரை சரியாகச் சொல்லிப் பார்த்தார். அது போதும் என்றிருந்தது.

25ஆம் தேதி சனிக்கிழமை, வாடகை மண்டபத்தில் தமிழ்ப் பள்ளி. சம்பளம் கிடையாது, அக்கா கொடுத்த இஞ்சித் தேநீர் உண்டு. ஒன்பது பிள்ளைகள். வருகைப் பதிவேட்டைத் திறக்காமல், எப்படி அழைக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். எட்டுப் பேர் பள்ளியில் வழங்கும் சுருக்கப் பெயரைச் சொன்னார்கள். ஒரு சிறுவன் மட்டும் தன் நான்கசைப் பெயரை முழுதாகச் சொல்லிவிட்டு, “ஆனா ஒருத்தரும் சொல்றேல்ல” என்றான். அன்று முதல் வேலையாக அந்தப் பெயரைப் பலகையில் எழுதி எல்லாரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். அதில் லகரம், ழகரம் இரண்டும் இருந்தது வசதியாகப் போயிற்று.

மறுநாள் ஞாயிறு. அம்மா வழக்கம்போல் கேட்டார். இந்த முறை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். கிடங்கு, பெட்டி, இரவு, கைத்தடிப்பு. மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. காசு தீர்ந்து தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம்.

“அங்க ஒன்ன என்னன்னு கூப்புட்டாவ?”

“அப்பா பேரைச் சொல்லித்தாம்மா.”

“தெனமுமா?”

“தெனமும்தான். ராத்திரி பூரா.”

மறுபடியும் பேச்சில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. அம்மா வாயால் அந்தப் பெயரை நாங்கள் கேட்டதே கிடையாது. ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் நீட்டுவார்.

“நல்லதுதான்,” என்றார் அம்மா. “நான் சொல்லப்படாது. இங்க வேற யாரு இருக்கா, அந்தப் பேரச் சொல்ல?”

*

27ஆம் தேதி பள்ளியில் முதல் நாள். ஒளிரும் மஞ்சள் மேலங்கி மாட்டி, விளையாட்டுத் திடலில் நிற்கவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்து மேலங்கியைப் பிடித்து இழுத்தான். “சார்! சார்! அவன் என்னைத் தள்ளிவிட்டான்!” இங்கே பள்ளியில் ஆண்கள் எல்லாரும், சமையலறையில் இருப்பவர் உட்பட, பிள்ளைகளுக்கு ‘சார்’தான் என்று பிறகு தெரிந்தது. பட்டம் வேண்டாம், நேர்காணல் வேண்டாம். தள்ளியவனையும் தள்ளப்பட்டவனையும் கைகுலுக்க வைத்தோம்.

30ஆம் தேதி காலையில் பதிவு எண் வந்தது. பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பெயரைத் தட்டியதும் வந்து நின்றது. மகள் அதை மூன்று முறை தேடச் சொல்லிப் பார்த்தாள்.

அன்று மாலை, அம்மா சொன்னதற்குப் பிறகும் மூன்று நாள் தள்ளிப்போட்டிருந்த கடிதத்தை எழுத உட்கார்ந்தோம். வகுப்பறையை விட்டுவருவது எளிதாக இருந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். முதல் வரிசையில் உட்கார்ந்து ஐயம் கேட்கும் ஒரு மாணவி, சுண்ணாம்புத் தூள், மழை நாளில் நூலகத்து வாசம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. திரும்பிப் போனால் மூவரில் இருவர் இங்கேயும் ஒருவர் அங்கேயும் என்றாகும். அதற்குத் துறை இருக்கிறது. எங்களுக்குத் தைரியம் இல்லை. அலுவலகக் கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், பணி விலகலைத் தமிழிலேயே எழுதினோம். ஒருவர் சொல்ல, ஒருவர் தட்டச்சு செய்ய, நான்கு வரிதான். பெயர் இடும் இடத்தில் வழக்கமாகத் தலைப்பெழுத்து ஒன்றோடு முடியும். அன்று அதை விரித்து, அப்பாவின் பெயரை முழுதாக எழுதினோம்.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது வெளியே மழை. மறுநாள் குப்பை எடுக்கும் நாள் என்று மகள் நினைவூட்டினாள். ஆரஞ்சுப் பையை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.